ரேவதி நட்ட அஸ்டில்பி

சாமு,

முந்தாநாள் ஃபோனில் பேசும்போது, வீட்டைக் காலி செய்யப்போகிறேன் என்று தக்காளி விலை சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். மார்ச் கடைசியில் சாவியைக் கொடுத்துவிட வேண்டும், ஆபீஸுக்குப் பக்கத்தில் மூன்றாவது மாடியில் ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறேன், ஒரு ஆளுக்கு அது போதும் என்றாய். நானும் ‘சரிப்பா’ என்று சொல்லிவிட்டேன். ஃபோனை வைத்த பிறகு அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். அந்த வீட்டின் பின்பக்கத்தில் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. கிட்டத்தட்டப் பத்து மாதமாக அதை உன்னிடம் சொல்லாமல் வைத்திருக்கிறேன். வாயால் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், நீயும் ‘விடும்மா’ என்று வைத்துவிடுவாய். அதனால்தான் இந்தக் கடிதம். கோபம் வந்தாலும் கடைசி வரைக்கும் படித்துவிடு.

ரேவதியிலிருந்துதான் தொடங்க வேண்டும். நீயும் நானும் அவள் பெயரைச் சொல்லிப் பேசி ஒரு வருடமாகிறது. நான் எழுதிப் பார்க்கிறேன், கையாவது சொல்லட்டும். பதிவுத் திருமணம் முடித்து நீ அவளைச் செவிலிமேட்டு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்த அன்று, அவளுடைய துணிமணியெல்லாம் ஒரே ஒரு ஜவுளிக்கடைப் பையில் இருந்தது. அவள் அப்பா அதை வாசற்படியில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தியிருந்தார். நம் ஜாதியைச் சொல்லித்தான் சாத்தினார். நான் அப்படிச் செய்யவில்லை, கதவைத் திறந்தேன் என்று ரொம்ப நாள் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்ததோடு சரி. சர்ச்சில் வைத்து மோதிரம் மாற்றவில்லையே, என் ஒரே பிள்ளையின் கல்யாணத்தை நான் பார்க்கவில்லையே என்ற ஆத்திரத்தை, நீங்கள் என்னோடு இருந்த ஏழு மாதமும் அவள் மேலேயே காட்டினேன். அவள் என்னை வாய் நிறைய ‘அத்தை’ என்பாள். நான் அவளை ‘இந்தாம்மா பொண்ணு’ என்பேன். உன் முன்னால் மட்டும் பெயர் சொல்வேன். அது உனக்குத் தெரியாது. அவள் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

நம் வீட்டுக்கும் பக்கத்து மாடி வீட்டுச் சுவருக்கும் நடுவே நாலடிச் சந்து ஒன்று இருந்ததே, வெயிலே எட்டிப் பார்க்காத இடம், அங்கேதான் அவள் செடி வைக்க ஆரம்பித்தாள். நான் காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு முசரவாக்கம் ஆஸ்பத்திரிக்கு டியூட்டிக்குக் கிளம்பும்போது, பழைய பெயின்ட் டப்பாக்களில் மண் ரொப்பிக்கொண்டிருப்பாள். “வெயிலே படாத எடத்துல என்ன வளரும்? வேற வேலை இல்லியா?” என்று ஒருநாள் கேட்டேன். அவள் கையை உதறிக்கொண்டே, “நிழலுக்குன்னே செடிங்க இருக்குது அத்தை. வெயில்ல கொண்டாந்து வச்சாத்தான் அதுங்க செத்துப்பூடும்” என்று சிரித்தாள். அவளை அவள் வீடு என்ன செய்தது, என் வீட்டில் அவள் எந்த மூலையில் இருக்கிறாள் என்பதெல்லாம் அப்போது எனக்கு உறைக்கவில்லை. செடியைப் பற்றிப் பேசுகிறாள் என்றுதான் நினைத்தேன். செடியைப் பற்றித்தான் பேசியிருப்பாள்.

நீங்கள் ஸ்காட்லாந்துக்குப் போன மூன்றாம் மாதம் அந்தச் சந்துக்கு சிமென்ட் போட்டுவிட்டேன். மழைக்காலத்தில் கொசு வருகிறது, ஸ்கூட்டர் நிறுத்த இடம் வேண்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். வீடியோவில் பேசும்போதெல்லாம் அவள், “அத்தை, என் செடிங்களைக் கொஞ்சம் காட்டுங்களேன்” என்பாள். சிக்னல் இல்லை என்பேன், மழை பெய்கிறது என்பேன். ஒரு கிறிஸ்துமஸுக்கு உன் சித்தி ஃபோனை வாங்கிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றிக் காட்டியபோது எல்லாம் தெரிந்துவிட்டது. ஒரு நிமிஷம் அவள் முகம் அப்படியே நின்றது. பிறகு, “பரவால்ல அத்தை, உங்களுக்கும் வழுக்காம இருக்கும்ல” என்றாள். அவள் அன்றைக்குச் சண்டை போட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. சண்டை போட்டிருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேனோ என்னவோ.

அதற்கு அடுத்த வருடம்தான், இப்போது நீ காலி செய்யப்போகிற அந்த வீட்டுக்கு மாறினீர்கள். பின்னால் பெரிய மரமும் உயரமான வேலியும் இருப்பதால் தோட்டத்தில் வெயிலே இல்லை என்று நீ குறைப்பட்டாய். அவளோ ‘எனக்கென்றே செய்த இடம்’ என்று குதித்தாள். ஒரு ஜூலை மாதம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து நான் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தபோது வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினாளே, அந்தப் பூக்கள் இன்றும் என் கண்ணில் நிற்கின்றன. வெள்ளை, ரோஸ், அடர்ந்த சிவப்பு என்று மூன்று நிறத்தில், இடுப்பு உயரத்துக்கு, இறகு இறகாக. “பட்டு நூலைப் பிரிச்சி உதறி விட்ட மாதிரி இருக்குதுல்ல அத்தை? இதுக்குப் பேரு அஸ்டில்பி” என்றாள். தறிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு அப்படித்தானே தோன்றும்! எனக்கும் அன்று ஏனோ மனசு இளகியிருந்தது. நம்ம ஊரில் வைத்தால் வராதா என்று கேட்டேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம், நான் செடியைப் பற்றிக் கேட்டுவிட்டேன் என்று. “வராது அத்தை. இதுக்குத் தண்ணியும் வேணும், நிழலும் வேணும், அது மட்டும் பத்தாது, நல்லா குளுரும் வேணும். குளுரு வந்தா இது என்னா பண்ணும்னா...” அந்த நேரம் பார்த்துக் குக்கர் விசில் அடித்தது. “இரும்மா, அப்புறம் பேசறேன்” என்று எழுந்து போய்விட்டேன். திரும்பக் கூப்பிடவில்லை. குளிர் வந்தால் அது என்ன செய்யும் என்று அவள் சொல்ல வந்ததை, இரண்டு நிமிஷம் உட்கார்ந்து கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை.

பிறகு அந்த அக்டோபர் வந்தது. பஸ் ஸ்டாப்பில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மூளைக்குள் ரத்தக்கசிவு என்று நீ சொன்னபோதே, நர்ஸ் வேலை பார்த்த எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. ஆனாலும் பத்து நாளும் உன்னிடம், “சரியாயிடும்பா, தைரியமா இரு” என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். முப்பத்திரண்டு வயது. எனக்கு விசா கிடைத்து நான் வந்து சேர்ந்தபோது டிசம்பர் ஆகிவிட்டது. அவளை அந்த மேட்டுக் கல்லறையில் அடக்கம் செய்து ஆறு வாரம் ஓடியிருந்தது. ஏர்போர்ட்டில் உன்னைப் பார்த்தேன். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு, சட்டைக்குள் ஆளே இல்லாததுபோல் நின்றாய். கட்டிப்பிடித்தேன். நீ என் தோளில் தலையை வைக்கவில்லை, பெட்டியைத் தூக்கினாய்.

உனக்கு எதையாவது செய்ய வேண்டும் என்று எனக்கு ஒரே தவிப்பு. ரசம் வைத்தேன், தொடவில்லை. ஜெபம் பண்ணலாமா என்றேன், எழுந்து மாடிக்குப் போனாய். அடுக்களை ஜன்னல் திரையை நீ விலக்கவே விடவில்லை. ஒருநாள் நீ வேலைக்குப் போன பிறகு விலக்கிப் பார்த்தேன். வேலி ஓரம் முழுக்கக் கருகிப்போன குச்சிகள், காய்ந்து தொங்கும் பழுப்புக் கொத்துகள், மட்கிய இலைகள். இந்தச் செத்த தோட்டத்தைப் பார்க்கத்தான் பிள்ளைக்குத் தாங்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். அவள் போனாள், அவளோடு செடிகளும் போய்விட்டன, சுத்தம் செய்து வைத்தால் என் பிள்ளை திரையை விலக்குவான், கொஞ்சம் வெளிச்சம் வரும் என்று நினைத்தேன். அது ஒரு வியாழக்கிழமை. உன் பழைய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, கொட்டகையிலிருந்த மண்வெட்டியை எடுத்து, காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் தோண்டினேன். ஒவ்வொரு வேரும் மரக்கட்டை மாதிரி கனமாக இருந்தது. அப்போதாவது யோசித்தேனா? முப்பத்தொரு வருடம் எத்தனையோ பேரின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தவள் நான். நாடி கிடைக்கவில்லை என்றால் கழுத்தில் பார்ப்போம், மார்பில் காது வைத்துக் கேட்போம், கண்ணைத் திறந்து பார்ப்போம், அதற்குப் பிறகும் டாக்டர் வந்து சொல்கிற வரைக்கும், உயிர் போய்விட்டது என்று சொல்லமாட்டோம். இந்த வேர்களில் ஒன்றைக்கூட நகத்தால் கீறிப் பார்க்கவில்லை. பதினோரு தூரையும் தோட்டக் குப்பைக்கான பெட்டியில் போட்டு மூடி, தெருவில் கொண்டுபோய் வைத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் வண்டி வந்து எடுத்துக்கொண்டு போனது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், திருப்தியாக.

சனிக்கிழமை காலையில் காபியைக் கொடுத்து, “பின்னாடி வந்து பாரேன், அம்மா என்னா பண்ணி வச்சிருக்கேன்னு” என்று உன்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனவளும் நான்தான். நீ வெறும் மண்ணைப் பார்த்தாய்.

“இங்க இருந்ததெல்லாம் எங்கமா?”

“செத்துப்போன செடிங்கதானப்பா, எல்லாத்தையும் எடுத்துட்டேன். நேத்து வண்டி வந்து...”

நீ தெருவுக்கு ஓடினாய். காலில் செருப்புகூட இல்லை. காலிப் பெட்டியைத் திறந்து உள்ளே கையை விட்டுத் துழாவினாய். திரும்பி வந்து அந்த ஈர மண்ணில் உட்கார்ந்தாய். நான் பதறிப்போய், “ஏம்பா, ஏம்பா” என்று கேட்டுக்கொண்டே நிற்கிறேன். குரலை உயர்த்தாமல் சொன்னாய். “அது சாகலமா. குளுருக்கு மேல மட்டும்தான் காயும். கீழ உசுரோட இருக்கும். ஏப்ரல்ல வரும்னு அவ சொல்லியிருந்தா. ஏப்ரலுக்குத்தாம்மா நான் காத்துக்கினு இருந்தேன்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நீ உள்ளே போய்க் கால் கழுவிக்கொண்டு, “காபி ஆறிப்போச்சு, சுட வச்சிக் குடும்மா” என்றாய். அன்றைக்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நீ மறுபடி உடைந்துவிடுவாய் என்று பயந்தேன் என்று சொல்லிக்கொள்வேன். உண்மை என்னவென்றால், எனக்கு முகமில்லை. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லலாம். சொல்ல வந்தவளை உட்கார்ந்து கேட்காததால்தானே தெரியாமல் போனது? இதோ, இப்போது கேட்கிறேன். மன்னித்துவிடு கண்ணு. அந்தச் செடிகளுக்காகவும், சந்தில் போட்ட சிமென்டுக்காகவும், அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத ஏழு மாதத்துக்காகவும்.

இப்போது சொல்லாமல் வைத்திருந்த விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரல் நடுவில் ஒருநாள் துணி காயப்போடப் பின்னால் போனேன். மழைநீர் பிடிக்கிற பச்சைப் பீப்பாய்க்கும் வேலிக்கும் நடுவில், மண்வெட்டி சரியாக நுழையாத இடுக்கில், ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. குனிந்து பார்த்தேன். நாலு முளை. ரத்தச் சிவப்பாக, மேலெல்லாம் பூனைமுடியோடு, பிறந்த குழந்தை விரலை மடக்கி வைத்திருக்குமே, அந்த மாதிரி. எத்தனை பிரசவம் பார்த்தவள் நான்! அந்த மண்ணில் முட்டி போட்டுக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். தோண்டும்போது ஒரு துண்டு அறுபட்டு உள்ளேயே தங்கியிருக்கிறது.

ஏன் உடனே ஓடிவந்து சொல்லவில்லை என்று கேட்பாய். ஒரு கை அளவுதான் இருந்தது. உன்னிடம் காட்டி, நீ நம்பி, பிறகு அதுவும் போய்விட்டால்? இரண்டு தடவை இழந்தவனை மூன்றாவது தடவையும் இழக்க வைக்க எனக்குத் துணிவில்லை. நன்றாக வேர் பிடிக்கட்டும், பூக்கட்டும், பிறகு காட்டலாம் என்று தினமும் ரகசியமாகத் தண்ணீர் ஊற்றினேன். சருகைக் கொண்டுவந்து சுற்றிப் போர்த்தி வைத்தேன். இலை விட்டது, பூ விடவில்லை. ஜூன் வந்தது, விசா முடிந்தது. ஏர்போர்ட் போகும் வழியெல்லாம் வாயில் வந்து வந்து போயிற்று. நீ ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தாய். அப்படியே விமானம் ஏறிவிட்டேன். அப்புறம் ஒவ்வொரு வாரமும் ஃபோனில் ‘அங்கே மழை பெய்கிறதா?’ என்று கேட்பேனே, நீகூட, “என்னாம்மா, வானிலை அறிக்கையா கேக்கற?” என்று சலித்துக்கொண்டாய். அந்தச் செடிக்காகத்தான் கேட்டேன்.

இப்போதும் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான். மூன்று நாளைக்கு முன்னால் ரேவதியின் அம்மா வந்தார். மத்தியானம் கேட் சத்தம் கேட்டுப் போனால், குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நிற்கிறார். கல்யாணமான நாளிலிருந்து நம் தெருப் பக்கம் தலைகாட்டாதவர். உள்ளே வாங்க என்றேன். வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை. “எம்பொண்ணு இங்க எந்த ரூம்ல படுத்துக்கினு இருந்துச்சுமா?” என்று கேட்டார். உன் அறையைத் திறந்து காட்டினேன். கட்டிலைத் தடவிப் பார்த்தார், தலையணையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் அவர்கள் வீட்டில் பேசுகிற தெலுங்கில் ஏதோ சொல்லிக்கொண்டே அழுதார். எனக்குப் புரியவில்லை, அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

தேறிய பிறகு, “அவ கையால வச்சது ஏதாவது இருக்குதாமா? அவளுக்குச் செடின்னா உசுரு. எங்க வூட்டுக் கெணத்தடியிலயும் வச்சிருந்தா. அவங்கப்பா எல்லாத்தையும் புடுங்கிப் போட்டாரு” என்றார். அந்தக் கேள்விக்கு நான் எப்படிப் பொய் சொல்வேன்? சிமென்ட் சந்தைக் காட்டினேன். ஸ்காட்லாந்தில் நடந்ததைச் சொன்னேன். பீப்பாய் இடுக்கில் ஒன்று பிழைத்திருப்பதையும், அதை உன்னிடம் மறைத்ததையும் சொன்னேன். ஒருவரிடம் முழுதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. காறித் துப்புவார் என்று நினைத்தேன். அவர் புடவைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த சின்ன ஃபோனை எடுத்துக் காட்டினார்.

“இதுல அவ நம்பர் இருக்குது. அவ அத்தை மவதான் போட்டுக் குடுத்தா. தெனமும் அமுக்குவேன், ரிங் போறதுக்குள்ள கட் பண்ணிடுவேன். அவங்கப்பாவுக்குப் பயம். அப்புறம் இவ்ளோ நாளு கழிச்சிப் பேசினா என்னா நெனைப்பாளோன்னு பயம். பொங்கலுக்குப் பேசலாம், புள்ள பொறந்தா பேசலாம்னு தள்ளிக்கினே வந்தேன். ஆறு வருசம்மா. நீங்களாவது உங்க புள்ளைகிட்ட சொல்லிடுங்க. திட்டினாலும் பரவால்ல, திட்டறதுக்கு இருக்கறான்ல.”

அவர் போனதற்கு மறுநாள்தான் நீ வீட்டைக் காலி செய்வதாகச் சொன்னாய்.

அதனால் கவனமாகக் கேள். இப்போது அங்கே குளிர்காலம், பீப்பாய் இடுக்கில் நாலைந்து காய்ந்த குச்சிதான் தெரியும். அதை நம்பாதே. பிப்ரவரி கடைசியில், மண் உறைந்து கல்லாக இல்லாத ஒரு நாளாகப் பார். பீப்பாயை நகர்த்திவிட்டு, குச்சியைச் சுற்றி ஒரு சாண் தள்ளி, மண்வெட்டி வேண்டாம், முள்கரண்டி மாதிரி இருக்குமே, அதை ஆழமாக இறக்கி மண்ணோடு தூக்கு. வேரை உதறிப் பார்க்காதே. அடியில் ஓட்டை உள்ள பெரிய தொட்டியாக வாங்கு. மட்கிய உரம் நிறையப் போடு. வேரின் தலையில் சின்னச் சின்னக் கண்கள் இருக்கும், அவை மண் மட்டத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். ஆழமாகப் புதைத்தால் அழுகிவிடும். புது ஃபிளாட்டின் பால்கனியில் காலை வெயில் மட்டும் லேசாகப் படுகிற மூலையாகப் பார்த்து வை. குளிரில் கிடக்கிறதே என்று பாவம் பார்த்து வீட்டுக்குள் எடுத்து வைக்காதே, அதற்குக் குளிர் வேண்டும். மண் மட்டும் ஒருநாளும் காயக்கூடாது, அவள் சொன்னதில் நான் ஒழுங்காகக் கேட்டது அது ஒன்றுதான். இலை ஓரம் பழுப்பானால் தாகம் என்று அர்த்தம். முதல் வருடம் பூக்கவில்லை என்று மனசு விடாதே. மூன்று நாலு வருடத்தில் தூர் பெருத்துவிடும், அப்போது பிரித்து நடலாம். இதையெல்லாம் யூடியூபில் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். இங்கே வளர்க்கவே முடியாத ஒரு செடியைப் பற்றி, இந்தக் காஞ்சிபுரத்து வெயிலில் உட்கார்ந்து, ராஜா வீட்டுத் தோட்டக்காரி மாதிரி படித்துக்கொண்டிருக்கிறேன்.

போன கோடையில் நீ தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டாய், உனக்குத் தெரியாதே. மழை காப்பாற்றியிருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். தோண்டிப் பார்த்து ஒன்றும் இல்லை என்றால், எனக்காக அதை மறைக்காதே. அன்று உன்னைத் தனியாக மண்ணில் உட்கார வைத்துவிட்டு நான் நின்றுகொண்டிருந்தேன். இந்தத் தடவை கூப்பிடு. நானும் இங்கே உட்கார்ந்துகொள்கிறேன். நாம் இரண்டு பேரும் அவள் பெயரைச் சொல்லி அழுவோம். அதைச் செய்யாமல்தான் இரண்டு பேரும் இப்படி இருக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்று. ரேவதியின் அம்மா கிளம்பும்போது தயங்கித் தயங்கி உன் நம்பரைக் கேட்டார். எழுதிக் கொடுத்திருக்கிறேன். பேசுவாரோ மாட்டாரோ, தெரியவில்லை. இந்தியாவிலிருந்து தெரியாத நம்பரில் கால் வந்தால் எடு. எதிர்ப்பக்கம் சத்தமே வராது. உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியாது. நீ காத்துக்கொண்டிருக்காதே சாமு. நீயே முந்திக்கொண்டு, “சொல்லுங்க அத்தை” என்று சொல்லிவிடு.

அம்மா